வேலையும் கூலியும்

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுக்காலத்தின் இருபத்தைந்தாம் ஞாயிறன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அப்போது மக்களின் முகங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். விடியற்காலையிலேயே வந்து வெயிலைச் சுமந்தவர்கள் முணுமுணுக்கும் இடத்தில் பலர் தலையசைப்பர். முழுநாள் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலியா என்ற கேள்வி, கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போய்வந்தவர்களுக்கு நியாயமான கேள்வியாகவே படுகிறது. மறையுரைகளும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்று, இறைவனின் தாராளத்தைப் பேசி முடிந்துவிடுகின்றன.

நம்மை அண்மைக் காலமாக நிறுத்திவைப்பதோ அதற்குச் சற்று முந்திய இடம். நாள் சாயும் வேளையில், ஐந்தாம் முறையாக, தோட்டக்காரர் சந்தைவெளிக்கு வருகிறார். அங்கே சிலர் நின்றுகொண்டிருக்கின்றனர். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கின்றனர். அவ்வளவுதான். காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள், நண்பகலில் எங்கே இருந்தீர்கள், வேறு எந்தெந்தத் தோட்டங்களில் கேட்டுப் பார்த்தீர்கள், அதற்குச் சான்று உண்டா என்று அவர் துருவவில்லை. சொன்னதை நம்பினார், தோட்டத்துக்குப் போகச் சொன்னார். அவர்களைக் குறிக்க நற்செய்தியாளர் கையாளும் கிரேக்கச் சொல் ‘அர்கோஸ்’ என்பது. வேலை என்று பொருள்படும் ‘எர்கோன்’ என்ற சொல்லின் முன் இன்மையைக் குறிக்கும் ‘அ’ சேர்ந்து பிறந்தது அது. சோம்பேறி என்று அதைப் பெயர்ப்போரும் உண்டு. ஆனால் அதன் வேர்ப்பொருள் வேலையில்லாதவன் என்பதே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. உலகின் அரசுகள் பலவும் வேலையற்றோருக்கு உதவ முன்வரும்போது, முதலில் இந்தத் தொலைவை அளக்கத்தான் முற்படுகின்றன. நிற்பவன் வேலை கிடைக்காதவனா, வேலை வேண்டாதவனா?

நம் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றியது 1945-இல். இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு மறுவாழ்வு தேடித் தருவதே அவற்றின் முதல் நோக்கம். 1948-இல் அவை எல்லார்க்கும் திறக்கப்பட்டன; 1956 நவம்பரில் மாநிலங்களின் பொறுப்பில் வந்தன. காலியிடங்களைக் கட்டாயமாக இவ்வலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இரு தலைமுறைக் காலம், தமிழகத்துச் சிற்றூர்களில் ‘எம்ப்ளாய்மென்டில் பதிந்தாயா’ என்ற கேள்வி, ‘சாப்பிட்டாயா’ என்பது போல் இயல்பான கேள்வியாயிற்று. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு பேருந்தேறி, நெடிய வரிசையில் நின்று அட்டை வாங்கி வருவது ஒரு குடும்பக் கடமை. அந்த அட்டை, குடும்ப அட்டையோடும் திருமுழுக்குச் சான்றிதழோடும் தகரப் பெட்டியின் அடியில் இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்; தவறினால் பதிவு மூப்பு போய்விடும். (மேற்சொன்ன உவமையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இது தற்செயலே; ஆயினும் நம் மக்களுள் சிலர் இரண்டையும் ஒரே பயபக்தியோடு எதிர்கொள்வதைக் கண்டிருக்கிறோம்.)

அந்த மூப்புக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. வரிசையில் முன்னே நகர நகர ஒரு நாள் நேர்காணல் அட்டை வரும். பள்ளியிலோ அலுவலகத்திலோ ஓர் இடம் கிடைக்கும். 1996-இல் உச்சநீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நின்றுவிடாமல், செய்தித்தாள் முதலியவற்றில் விளம்பரம் செய்தும் விண்ணப்பங்களைப் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கும் நியாயம் உண்டு. பதியாதவனும் குடிமகன்தானே! 2012 முதல் ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு வந்தது. வரிசை இருந்தது, வரிசையின் மறுமுனையில் இருந்த கதவுதான் இடம் மாறிவிட்டது. ஆயினும் 2023-இல் தமிழகத்தின் பதிவேடுகளில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர்கள் இருந்தன. பள்ளியிலேயே கணினி வழியாகப் பதிந்துவிடும் வசதி வந்தபின், பதிந்தது நினைவில் இல்லாதவர்களும் இவர்களுள் உண்டு.

இந்தப் பதிவோடு இணைந்ததே வேலையற்ற இளைஞர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை. இன்றுள்ள திட்டம் 2006-இல் தொடங்கியபோது பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். இப்பொழுது பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். விதிகள் பின்வருமாறு செல்கின்றன. பதிந்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். இடையில் புதுப்பித்தல் தவறியிருக்கக் கூடாது. வயது 40-க்குள்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45-க்குள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று படிப்பவராய் இருக்கக் கூடாது. அஞ்சல்வழிக் கல்விக்குத் தடையில்லை. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்கல்விப் பட்டதாரிகளுக்கு இல்லை. இறுதியாக, அரசுப் பணியிலோ, தனியார் பணியிலோ, சுயதொழிலிலோ ஈடுபட்டிருக்கக் கூடாது. இதை ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் இவ்விதிகள் பெரிதும் தளர்த்தப்பட்டுள்ளன. அவர்கள் பதிந்து ஓராண்டு ஆனால் போதும். வருமான வரம்பு இல்லை. பத்தாண்டுகள் வரை பெறலாம். இது நம் பங்குகளில் பல குடும்பங்களுக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதை இங்கே சொல்லி வைப்பது நல்லது.

கணக்கிட்டுப் பார்த்தோம். பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். மூன்று ஆண்டுகளும் ஒரு காசு விடாமல் பெற்றால் மொத்தம் 21,600 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒருமுறை போய்வர அது காணாது. தொகை சிறிது என்பதற்காக அதை எள்ளுவது நம் எண்ணமன்று. 600 ரூபாயில் ஒரு வீட்டுக்கு எரிவாயு உருளையின் பெரும் பகுதி அடங்கும். தாயின் இரத்த அழுத்த மாத்திரை அடங்கும். மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய் ஒருசேர வந்தால் தம்பியின் தேர்வுக் கட்டணம் அடங்கும். இதை அறியாதவர் ஏழை வீட்டின் கணக்கை அறியாதவர்.

நம் கேள்வி தொகையைப் பற்றியதன்று; நிபந்தனையைப் பற்றியது. ஐந்து ஆண்டுகள் எந்த வேலையும் செய்யாமல் இருந்தால்தான் உதவி என்கிறது விதி. குடும்பமோ மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழ்வதாக இருக்க வேண்டும் என்கிறது. அத்தகைய குடும்பத்தில் பிறந்த எந்த இளைஞனால் ஐந்து ஆண்டுகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும்? அப்படி இருக்க முடிந்தவனுக்கு உதவி தேவையில்லை. உதவி தேவைப்படுபவனால் அப்படி இருக்க முடியாது. விதியை எழுதியவர்களிடம் தீய எண்ணம் இருந்ததாக நாம் கருதவில்லை. 60 இலட்சம் பேருக்குக் கொடுக்க முடியாது. யாரையேனும் கழிக்க வேண்டும். கழிப்பதற்கு எளிதான கோடுகளாகக் கிடைத்தவை காலமும் சும்மா இருத்தலும்.

மேலைநாடுகளில் இதற்கு நேர்மாறான நிபந்தனை. அங்கே சும்மா இருக்கக் கூடாது, தேட வேண்டும், தேடியதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பிரித்தானியாவில் 1921-இல், உண்மையாகவே வேலை தேடுகிறவர் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி வேலையின்மை உதவியோடு சேர்க்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் துறைகளும் அடைபட்டுக் கிடந்த காலம் அது. இல்லாத வேலையைக் கேட்டுத் தொழிற்சாலை தொழிற்சாலையாக நடந்து, இல்லை என்ற விடையைப் பெற்றுவருவதே ஒரு வேலையாயிற்று. போதிய அளவு நடக்கவில்லை என்று இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 1930-இல் அவ்விதி நீக்கப்பட்டது. ஆனால் அதன் ஆவி மறையவில்லை. இன்று அங்கு உதவி பெறுவோர் பலரிடம் வாரம் 35 மணி நேரம் வேலை தேடலில் செலவிடுமாறு எதிர்பார்க்கிறார்கள்.

இவ்வளவு தொலைவு போவானேன்! விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் புதுச்சேரி. நம் உயர்மறைமாவட்டத்தின் தலைமையிடமும் அதுவே. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962-இல் அது சட்டப்படி உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அங்கு உண்டு. அவர்களுள் ‘சொல்தா’க்களின் வழிவந்தோர் பலர் இன்று பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வரும் அவர்களுள் ஒருவர், வேலையிழந்திருந்த மாதங்களில் தாம் செய்ய வேண்டியிருந்ததை நமக்கு விளக்கினார். அங்கும் தேடுதல் கட்டாயம். மெய்யாகத் தேடவில்லை என்று கண்டால் தொகையை நிறுத்துவர். ஆயினும் மாதந்தோறும் அவர் விடையளிக்க வேண்டிய கேள்விகளின் போக்கு நம்மை வியப்பில் ஆழ்த்தியது. இன்னும் வேலை தேடுகிறீரா? இம்மாதம் ஏதேனும் வேலை செய்தீரா? செய்தீராயின் எத்தனை மணி நேரம்? எவ்வளவு ஈட்டினீர்? ஈட்டியதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை அரசு தருகிறது. பத்து மணி நேரம் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன் என்று அவர் எழுதலாம். எழுதியதால் பட்டியலிலிருந்து பெயர் போகாது. பிரான்சை உயர்த்திப் பேச வேண்டிய தேவை நமக்கில்லை. அங்கும் படிவங்களில் சிக்கித் தவிப்போர் உண்டு என்று அவரே சொன்னார். ஆனால் ஏழை ஒருவன் உண்மையைச் சொல்லிக்கொண்டே உதவியும் பெறக்கூடிய விதத்தில் ஒரு கேள்வியை அமைக்க முடியும் என்பதை அது காட்டுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஓர் எண்ணம் இருந்ததுண்டு. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தேடும் சுமையைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கி அரசின் தோளில் வைத்தது. வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் அரைப் பங்குக்குக் குறையாமல் என்பது அதன் ஏழாம் பிரிவு. 2006 பிப்ரவரியில் நாட்டின் முதல் 200 மாவட்டங்களில் அது நடைமுறைக்கு வந்தபோது, தமிழகத்திலிருந்து சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. ஏரிக்கரைகளில் காலை வேளையில் பெண்கள் கூடையும் மண்வெட்டியுமாகத் திரண்டதை நாம் எல்லாரும் கண்டோம். வேலை தராததற்காகப் படி பெற்றவரைத்தான் காண முடியவில்லை. விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ஒப்புகைச்சீட்டு கையில் இருந்தால்தான் படி கேட்கலாம். அச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையே பெரும்பாலோர் அறியார். இருப்பினும் அச்சட்டத்தின் மொழி, தோட்டக்காரரின் மொழிக்கு அண்மையானது. நீ ஏன் நிற்கிறாய் என்று அது கேட்கவில்லை; இவர் ஏன் நிற்க நேர்ந்தது என்று ஆட்சியைக் கேட்டது.

(ஏற்கெனவே வேலையில் இருந்து அதை இழந்தவர்களின் நிலை வேறு. ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்திருந்த தொழிலாளர்களுக்கு 2018-இல் ஒரு திட்டம் வந்தது. சராசரி ஊதியத்தில் கால் பங்கை 90 நாள் வரை தருவது அது. 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், அரைப் பங்காக உயர்த்தப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராய் இருந்து திரும்பிய நம் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பெற்றிருக்கலாம். நாம் இங்கே பேசுவது ஒருநாளும் அத்தகைய வேலையில் அமராதவர்களைப் பற்றி.)

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படிக்க நேர்ந்தது, நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் சில திங்களுக்கு முன் பங்கு இல்லத்துக்கு ஒரு படிவத்தோடு வந்ததால். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவர். வயது 29. தந்தை இல்லை, தாய் ஏரி வேலைக்குப் போய்வந்தவர். இவர் வேர்க்கடலைக் காலத்தில் மண்டியில் மூட்டை தூக்குவார். நம் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மூட்டை. முகூர்த்த நாள்களில் திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறுவார். மற்ற நாள்களில் தேர்வுக்குப் படிப்பார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் சிறுவர்க்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவரும் அவரே. பதிந்து ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. வருமானச் சான்று வாங்கியாயிற்று. எல்லா இடமும் நிரப்பியாயிற்று. உறுதிமொழியின் கீழே கையெழுத்து மட்டும் இல்லை.

“சாமி, இதுல கையெழுத்துப் போட்டா பொய்யாகுமா?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த மாதம் வகுப்பில் எட்டாம் கட்டளை நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் போடுகிறார்கள் என்று இணையச் சேவைக் கடைக்காரர் சொன்னாராம். நண்பர்களும் அதையே சொன்னார்களாம். எல்லாரும் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது என்று போன வாரம்தான் பிள்ளைகளிடம் சொன்னேன் சாமி, என்றார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாள்களில் இத்தகைய வழக்குகளை நாம் வகுப்பறைக் கணக்குகளைப் போல் தீர்த்ததுண்டு. மனத்தில் இருப்பதற்கு மாறாகப் பேசுவதே பொய். நன்மை கருதியும் அதைச் சொல்லலாகாது என்பது புனித அகுஸ்தீனாரின் உறுதியான கொள்கை. இதற்கெனவே இரு நூல்கள் எழுதியவர் அவர். கொடிய வறுமையில் வாடுபவனுக்குப் பிறர் பொருளிலும் உரிமை உண்டு என்றவர் புனித தோமா அக்குவினார். ஆனால் அது எடுத்துக்கொள்வதைப் பற்றியது, பொய்யுரைப்பதைப் பற்றியதன்று. அகுஸ்தீனாரைப் போலவே அவரும் பொய்க்கு இடம் கொடுத்தவரல்லர். வழக்குகளை ஆய்வதில் வல்லவரான புனித அல்போன்ஸ் லிகோரியாரின் வழியில் சென்றோர், ஒரு சொல்லை அது வழங்கும் இடத்தின் பொதுவழக்கை வைத்தே பொருள் கொள்ள வேண்டும் என்பர். இது நமக்குப் பிடித்திருந்தது.

ஏனெனில் நம் மக்கள் பேச்சில் வேலை வேறு, கூலி வேறு. ‘மகன் வேலைக்குப் போகிறானா’ என்று ஒரு தாயைக் கேட்டால், ‘இல்லை சாமி, கூலிக்குப் போகிறான்’ என்பார். மாதம் பிறந்தால் சம்பளம், விடுப்பு எடுத்தாலும் மறுநாள் நமக்கென்று காத்திருக்கும் இடம், பெயருக்கு ஒரு வருகைப் பதிவேடு. இவை இருந்தால் அது வேலை. இன்று மூட்டை இருக்கிறது, நாளை இருக்குமோ என்றால் அது கூலி. கல்யாணம் பேச வருபவர்கள் கேட்பதும் இந்தப் பொருளில்தான். பத்து ஆண்டு மூட்டை தூக்கியவனையும் ‘வேலையில்லாத பையன்’ என்றே ஊர் சொல்லும். அப்படியானால் படிவத்தில் ‘நான் எப்பணியிலும் இல்லை’ என்று எழுதுபவன், தன் ஊரார் எல்லாரும் எப்பொருளில் பேசுகிறார்களோ அப்பொருளிலேயே எழுதுகிறான். யாரையும் ஏமாற்றவில்லை. அப்படிவத்தைப் பெறுபவரும் இவன் மூன்றாண்டும் பட்டினி கிடந்தான் என்று எண்ணப் போவதில்லை. ஆகவே தம்பி, நீங்கள் கையெழுத்திடலாம் என்றோம்.

அவர் சற்று நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எங்கம்மா போனது நூறு நாள் ‘வேலை’தானே சாமி? அதுவும் கூலிதான். அதுக்கு மட்டும் வேலைன்னு ஏன் பேரு வச்சாங்க?”

இதற்கு அல்போன்ஸ் லிகோரியாரிடம் விடை இல்லை, நம்மிடமும் இல்லை. நூறு நாள் வேலை என்று ஊர் முழுவதும்தான் சொல்லிற்று. ஆக, பொதுவழக்கு நாம் நினைத்த அளவு ஒருமுகமாய் இல்லை. அரசு மண்வெட்டியைக் கொடுத்தால் வேலை, மண்டிக்காரர் மூட்டையைக் கொடுத்தால் கூலி என்று பிரிக்கலாமோ? அப்படியும் சொல்லிப் பார்த்தோம். அவர் சிரித்தார். அச்சிரிப்பில் அவமதிப்பு இல்லை.

அவர் போனபின் நம் நூலடுக்கிலிருந்து, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலை எடுத்துப் பார்த்தோம். அதன் பதினெட்டாம் எண்ணில் இதே பொருள் வருகிறது. வேலையற்றோருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் வாழ்வதற்குத் தேவையான உதவி தருவது கடமை என்றும், அக்கடமை உலகப் பொருள்கள் எல்லார்க்கும் பொதுவானவை என்ற நெறியிலிருந்து, சுருங்கச் சொன்னால் உயிர்வாழும் உரிமையிலிருந்து பிறக்கிறது என்றும் அவர் கற்பிக்கிறார். இதில் நாம் கவனித்தது ஒன்று. உதவியை அவர் ஈகையின் கீழ் வைக்கவில்லை. உரிமையின் கீழ் வைக்கிறார். ஈகையாயின் கொடுப்பவர் விரும்பிய கேள்வியைக் கேட்கலாம். உரிமையாயின் கேள்வி அந்த உரிமையை அழிப்பதாக இருக்கலாகாது. உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது என்று புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதியதை இங்கே எடுத்துக்காட்டுவோர் உண்டு. திருத்தூதர் மனமில்லாதவனைச் சொன்னார், இடமில்லாதவனை அன்று. மேலும், நம் விதியைத் திருத்தூதர் படிக்க நேர்ந்தால் திகைத்திருப்பார். உழைத்தவனுக்கு உதவி இல்லை என்றல்லவா அது சொல்கிறது!

உண்மையறிய வேறு வழியே இல்லையா என்றால், நம் பங்குகளிலேயே ஒன்று உண்டு. 1833-இல் பாரிசில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையினர், உதவி கேட்டு எழுதியவரைப் பங்கு அலுவலகத்துக்கு அழைப்பதில்லை. இருவராக வீட்டுக்குப் போகின்றனர். அடுப்பைப் பார்க்கின்றனர், கூரையைப் பார்க்கின்றனர், உட்கார்ந்து பேசுகின்றனர். அதிலும் தவறான முடிவுகள் நேர்வதுண்டு. உறவும் பகையும் குறுக்கிடுவதுண்டு. ஓர் அரசு 60 இலட்சம் வீடுகளுக்கு இருவரை அனுப்ப முடியாது என்பதையும் அறிவோம். ஆயினும் படிவத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்க முடியும். கூலிக்குச் சென்ற நாள்கள் எத்தனை, பெற்றது எவ்வளவு. குடும்ப வருமானத்துக்கு வரம்பு வைத்திருக்கும் விதி, அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சென்னையில் செல்வாக்குள்ள நம் பொதுநிலையினர் சிலரிடம் இதைச் சொல்லியிருக்கிறோம். கேட்டுக்கொண்டார்கள்.

அந்த இளைஞர் அடுத்த ஞாயிறும் வந்து வகுப்பு எடுத்தார். படிவத்தைப் பற்றி நாம் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் அவராகவே சொன்னார். உறுதிமொழியின் கீழே, மாதத்தில் ஏழெட்டு நாள் கூலிக்குப் போகிறேன் என்று தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டாராம். பிறகு அதைப் படித்துப் பார்த்தாராம். இப்படி எழுதிக் கொடுத்தால் வாங்குபவருக்குத்தான் சங்கடம் என்று தோன்றிற்றாம். கொடுக்கவில்லை. தாய்க்கு இதில் வருத்தம். 21,600 ரூபாயை எழுத்து ஒன்றுக்காக விடுவதா என்று நம்மிடமே வந்து கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கையெழுத்திடலாம் என்றுதான் நாம் சொன்னோம் என்று சொல்லியும் அவர் முகம் மாறவில்லை.

இப்பொழுது அவர் ஒரகடத்தில் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பதிவை மட்டும் கைவிடவில்லை. புதுப்பிக்க வேண்டிய மாதத்தைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் முறைப்பணி விழுவதால், மறைக்கல்வி வகுப்பை அவருடைய தங்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். பட்டம் முடித்த கையோடு அவரும் பதிந்தார். இரண்டு ஆண்டுகள் முடிந்தன. இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை துணிக்கடைக்குப் போகட்டுமா என்று சென்ற வாரம் கேட்டார். போகச் சொன்னோம்.